பக்கத்து வீட்டு சோபா

எங்கள் வீட்டில் எங்களுக்குச் சொந்தமாக இருந்த எதையும் கோர்ட் தொடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிப் போட்டிருந்த சோபாவை மட்டும் தூக்கிக்கொண்டு போனது. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இப்போது எனக்கே சிரிப்புத்தான் வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் ஓரத்து ஊர் எங்களுடையது. பக்கத்து வீடு என்பது ஒரு பேச்சுக்குத்தான். ஒரே வீடாக இருந்ததை என் மாமனார் காலமான பிறகு நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கினார்கள். அந்தப் பக்கம் என் வீட்டுக்காரரின் அண்ணன், எனக்கு மூத்தார். இந்தப் பக்கம் நாங்கள். வீட்டைப் பிரித்தபோது சண்டை வரவில்லை. வயலைப் பிரித்தபோது ஒரு வரப்பு யாருடையது என்று வந்தது. அந்த வரப்பில் ஒரு ஆள்தான் நிற்க முடியும். அவன் குடை பிடித்தால் குடை இரண்டு பேர் வயலிலும் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஒரு கேஸ் போட்டார்கள். என் மகள் பாவாடை கட்டிய காலத்தில் போட்டது, அவள் காலேஜ் போன பிறகும் நடந்துகொண்டிருந்தது. வக்கீல்களுக்குக் கொடுத்த பணத்தில் வரப்புக்கு வெள்ளி முலாம் பூசியிருக்கலாம்.

கேஸ் போட்ட நாளிலிருந்து அண்ணன் தம்பி பேச்சு கிடையாது. சொல்ல வேண்டியதை மாட்டிடம் சொல்வார்கள். மூத்தார் கொல்லையில் நின்று பசுவைப் பார்த்து, "மடை தொறந்து கெடக்கு, தண்ணி வீணாப் போவுது, சில பேருக்குக் கண்ணு தெரியல போல" என்பார். என் வீட்டுக்காரர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்கு ஓடுவார். எங்கள் குடும்ப விவகாரம் முழுவதும் தெரிந்த ஒரே ஜீவன் அந்தப் பசுதான்.

நானும் என் ஓரகத்தியும், அதாவது மூத்தாரின் மனைவியும், பேசுவதை எவராலும் நிறுத்த முடியவில்லை. சுவர் எழுப்பியபோது கொல்லைப்புறத்தில் ஒரு ஆள் நுழையும் அகலத்துக்கு ஒரு வழி விட்டிருந்தார்கள், கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது என்பதால். பிறகு ஆளுக்கொரு போர் போட்டுக்கொண்டோம், கிணறு தூர்ந்து போனது. வழி மட்டும் இருந்தது. புளி தீர்ந்தால் அந்த வழி, வயிற்று வலி என்றால் அந்த வழி, வீட்டுக்காரரைத் திட்ட வேண்டுமென்றாலும் அந்த வழி. என் பிரசவத்தின்போது வெந்நீர் வைத்து என்னைக் குளிப்பாட்டியவள் அவள். என் அம்மா செத்த சேதி வந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியவள் அவள் ஒருத்திதான்.

ஒருமுறை நான் வைத்த விரால் மீன் குழம்பு ஒரு கிண்ணம் அந்த வழியாகப் போயிற்று. யார் கைப்பக்குவம் என்று தெரியாமல் மூத்தார் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டார். தெரிந்த பிறகு, ருசித்ததற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. கொத்தனாரை வரவழைத்து அந்த வழியை அளந்தார். மறுநாள் செங்கல் வந்து இறங்கியது. "இன்னொரு சாமான் இந்த வழியா வந்துச்சோ போச்சோ, அன்னிக்கே அடைச்சிடுவேன்" என்று பசுவிடம் சொன்னார். கணக்கில் அவர் கெட்டிக்காரர். அந்த வழியை அடைக்க எத்தனை வேண்டுமோ அத்தனை செங்கல், ஒன்று கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று ஓரகத்தி சொன்னாள். கொத்தனார் நடவு, அறுப்பு என்று சாக்குச் சொல்லி வராமலே இருந்தார். அடுக்கிய செங்கல் பாசி பிடித்தது, பூனை அதன் இடுக்கில் குட்டி போட்டது. ஆனாலும் அந்த வழியில் போகும்போதெல்லாம் என் கண் ஒன்று அதன்மேல் இருக்கும்.

இனி கிரெடிட் கார்டு விஷயம். கும்பகோணத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் குடை நட்டு, டை கட்டிய ஒரு தம்பி நின்றிருந்தான். என் வீட்டுக்காரரை "சார்" என்று கூப்பிட்டான். அவரை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அங்கேயே பாதி விழுந்துவிட்டார். மாச வருமானம் எவ்வளவு என்று தம்பி கேட்டதற்கு, "வெளைஞ்சா உண்டுங்க" என்றார். தம்பி அதை இங்கிலீஷில் எப்படி எழுதினானோ, சில நாளில் கார்டு வந்துவிட்டது. அதைச் சட்டைப் பையில் பிள்ளையார் படத்தோடு வைத்துக்கொண்டார். கல்யாண வீட்டில் பாக்கு எடுக்கும் சாக்கில் அதையும் எடுத்து ஒருமுறை காட்டுவார்.

கெட்ட செலவு எதுவும் செய்யவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். மகளின் ஹாஸ்டல் கட்டணம், அவளுக்கு ஒரு லேப்டாப், போர் மோட்டாரில் காயில் எரிந்து போனதற்குப் புது மோட்டார், அப்புறம் உரம். அறுப்பில் கட்டிவிடலாம் என்றுதான் நினைத்தோம். கதிர் முற்றிய நேரத்தில் மழை பிடித்தது. பயிர் சாய்ந்து தண்ணீரிலேயே முளைத்துவிட்டது. "குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும்" என்று பில்லில் போட்டிருக்கிறது என மகள் படித்துச் சொன்னாள். எவ்வளவு நல்ல மனுசங்க என்று என் வீட்டுக்காரர் நெகிழ்ந்து போனார். அந்த நல்ல மனுசங்க வட்டிக்கு வட்டி போட்டு, வாங்கிய கடன் எது, வளர்ந்த கடன் எது என்று தெரியாமல் செய்துவிட்டார்கள்.

பிறகு போன் வர ஆரம்பித்தது. சில நாள் இந்தியில் பேசுவார்கள். இவர் மரியாதையாக "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொள்வார். சில நாள் தமிழில் பேசுவார்கள். அது இந்தியே தேவலாம் என்றிருக்கும். கோர்ட் தபால் வந்தபோதும் கையெழுத்துப் போட்டு வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். சாமி பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. சாமிக்கும் இங்கிலீஷ் வராது போல. இவர் ஆஜராகவில்லை என்று ஒருதலையாகத் தீர்ப்பாகி, ஜப்திக்கு உத்தரவும் வந்துவிட்டது.

இது எங்களுக்குத் தெரிந்தது தலையாரி சொல்லித்தான். "நாளைக்குக் காலையில ஜப்திக்குக் கோர்ட்டு அமீனா வர்றாருங்க. உங்க வீட்டுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, வரப்பு கேஸா என்று கேட்டார். இல்லை, இது வேற கேஸ் என்று என் வீட்டுக்காரர் சொன்ன விதத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஜப்தி என்ற வார்த்தையே எங்கள் ஊரில் பயம். அந்தக் காலத்தில் கடனுக்கு அண்டா குண்டானைத் தூக்கிப் போனார்கள், எடுக்க ஒன்றுமில்லாத வீட்டில் கதவைக் கழற்றிப் போனார்கள் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து இரண்டு உத்தரவு போட்டார்.

முதல் உத்தரவு, வீட்டில் உள்ளதையெல்லாம் ஒளித்து வைக்க வேண்டும். விதை நெல் மூட்டை, சமையல் பாத்திரம், பாய் தலையணை, கயிற்றுக் கட்டில், மண்வெட்டி, மருந்தடிக்கும் டேங்க், கடைசியில் என் தாலிச் சங்கிலி.

இரண்டாவது உத்தரவுதான் எங்களைக் கவிழ்த்தது. "வீடு வெறிச்சுனு இருந்தா என்ன நெனைப்பாங்க? ஏதோ பஞ்சத்துல அடிபட்ட குடும்பம்னு நெனைச்சு ஏறி மிதிப்பாங்க. கௌரவமான எடம்னு தெரிஞ்சாத்தான் தவணை கொடுப்பாங்க. அண்ணிகிட்ட சொல்லி அந்த சோபாவை எடுத்துப் போடு."

இதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை என்பதுதான் கேவலம். எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்கு முக்கியமானவர்கள் வந்தாலும் இப்படித்தான். பெண் பார்க்க வந்தால் ஒரு வீட்டு ஜமுக்காளம், இன்னொரு வீட்டு வெள்ளித் தட்டு, மூன்றாவது வீட்டு டேபிள் ஃபேன் எல்லாம் வந்து சேரும். வருகிறவர்களுக்கும் தெரியும், அவர்கள் வீட்டிலும் அப்படித்தான். எங்கள் தெருவில் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து நிச்சயமான பெண்கள் எத்தனையோ பேர். அமீனாவும் வருகிறவர்தானே என்றுதான் எனக்கும் பட்டது.

மூத்தார் அப்போது ஊரில் இல்லை. கண்புரை ஆபரேஷனுக்காகச் சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மாட்டைப் பார்த்துக்கொள்ள ஓரகத்தி இருந்துவிட்டாள். அந்த சோபா, சிங்கப்பூரில் இருக்கும் அவர்கள் மகன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. தேக்கு மரம், மேலே வெல்வெட் உறை. மூத்தார் அதில் துண்டு விரித்துத்தான் உட்காருவார்.

நான் போய்க் கேட்டேன். "அக்கா, மாமா வர்றதுக்குள்ள திருப்பிப் போட்டுடலாம்."

"இது போறது தெரிஞ்சா அந்தச் செங்கல் சும்மா இருக்காதுடி" என்றாள். ஒரு நிமிஷம் கழித்து, "ஒரு முனையை நீ பிடி" என்றாள்.

அன்று சாயங்காலம் அந்தக் குறுகிய வழியில் நடந்தது ஒரு குடி மாற்றம். எங்கள் வீட்டில் உள்ளதெல்லாம் அந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கத்து சோபா இந்தப் பக்கம் வந்தது. கேட்டால் கொடுக்க மாட்டேன் என்று அவள் ஒன்றுக்குத்தான் சொன்னாள். டிவியையும் தூக்கலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, சீரியல் முடியாமல் அதைத் தொடக் கூடாது என்றுவிட்டாள். அந்த டிவி பிழைத்தது சீரியலால்.

காலையில் அமீனா வந்தார். மீசை நரைத்த, மரியாதையான மனிதர். செருப்பை வெளியில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். கூடவே பேங்க் தரப்பில் ஒரு ஆள், வாசலில் ஒரு குட்டியானை லோடு வண்டி. என் வீட்டுக்காரர் "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று சம்பந்தியை வரவேற்பதுபோல் வரவேற்று சோபாவைக் காட்டினார். அமீனா உட்கார்ந்தார். வெயிலில் வந்தவருக்கு அது சுகமாக இருந்திருக்க வேண்டும், கையால் உறையைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல சோபாவா இருக்கே. தேக்குங்களா?"

"பர்மா தேக்கு சார். சொல்லிச் செஞ்சது" என்றார் என் வீட்டுக்காரர்.

அது பர்மா தேக்கும் இல்லை, இவர் சொல்லிச் செய்ததும் இல்லை. ஆனால் கௌரவம் என்று ஒன்று வாய்க்குள் புகுந்துவிட்டால் பிறகு மனுஷன் பேசுவதில்லை, அதுதான் பேசும். அமீனா எழுந்து நின்று, அதுவரை தான் உட்கார்ந்திருந்ததை முதல் அயிட்டமாக எழுதினார்.

நான் வெளியே வந்து, "சார், அது எங்களது இல்லீங்க. பக்கத்து வீட்டுது" என்றேன்.

"எல்லா வீட்லயும் இதைத்தாம்மா சொல்றாங்க" என்றார், கொஞ்சமும் கோபமில்லாமல். "உங்க வீட்டுக்காரரே சொல்லிச் செஞ்சதுன்னு சொல்லிட்டாரே."

வாழ்நாளில் நான் கோர்ட்டுக்குச் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதை யாரும் நம்பவில்லை.

பிறகு அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அடுப்பங்கரையில் அடுப்பு மட்டும் இருந்தது. அவருக்குக் கொடுத்த காபிகூட ஓரகத்தி போட்டு அந்த வழியாக அனுப்பியதுதான். "எதுலம்மா சமைக்கிறீங்க?" என்று கேட்டார். என் கண் கொல்லைப்புற வழிப் பக்கம் போனது. அவருக்குப் புரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டார்.

"சமைக்கிற பாத்திரத்தைத் தொட மாட்டோம்மா. கட்டிக்கிற துணி, படுக்கிற படுக்கை, தாலி, எதையும் தொட மாட்டோம். விவசாயின்னா விதை நெல்லு, மண்வெட்டி, உழவு மாடு எதையும் எடுக்கக் கூடாது. விவசாயி குடியிருக்கிற வீட்டுலகூடக் கை வைக்க முடியாது. சட்டமே அப்படித்தான். உங்க வீட்டை இருந்தது இருந்தபடி விட்டிருந்தீங்கன்னா, எடுக்க ஒண்ணுமில்லேன்னு எழுதிட்டுப் போயிருப்பேன்."

வாசலில் நின்ற எங்கள் மொபெட்டை மட்டும் நின்று பார்த்தார். பேங்க் ஆளும் பார்த்தார். "ஏத்திட்டுப் போற டீசலுக்குக்கூடத் தேறாது சார்" என்றார் அந்த ஆள். மொபெட் தப்பித்தது.

ஆக, சட்டம் எங்களிடமிருந்து எடுக்காதே என்று சொன்னதையெல்லாம் நாங்கள் மெனக்கெட்டு ஒளித்தோம். எடுக்கலாம் என்று சொன்ன ஒன்றை, இல்லாத வீட்டுக்கு இரவல் வாங்கி வந்து வைத்தோம். அந்தச் சோபாவை வண்டியில் ஏற்றும்போது பின் கால் ஒன்று பலகையில் இடித்து முறிந்தது. முறிந்த காலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஓரகத்தி அந்த வழியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். நான் அன்று அழுத அழுகை கடனுக்காக இல்லை.

அன்றிரவே எங்கள் சாமான்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு, மறுநாளே வக்கீலிடம் போனோம். வரப்பு கேஸ் பார்க்கும் அதே வக்கீல்தான். எல்லாம் கேட்டுவிட்டுத் தனக்கு வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். "முன்னாடியே வந்திருந்தா இது எதுவுமே வேண்டியிருக்காதே" என்றார். போனில் பேசுகிறவன் என்னையும் சேர்த்து ஜெயிலில் போடுவதாக மிரட்டினான் என்று சொன்னேன். பணக் கடனுக்குப் பெண்களைப் பிடித்து அடைக்கச் சட்டத்தில் இடமே இல்லை என்றார் அவர். என் வீட்டுக்காரர், "அப்ப கார்டை உம் பேர்ல வாங்கியிருக்கலாமே" என்றார். அந்த இடத்தில் அவரை அடிக்காமல் விட்டது என் பொறுமை.

சோபாவை மீட்க வழி இருந்தது. "உங்க அண்ணன் ஒரு மனு போடணும். இது என் சோபா, தம்பி வீட்டுக்கு இரவலா கொடுத்தது, இந்தா பில்லுன்னு சொல்லணும். அவ்வளவுதான்" என்றார் வக்கீல். பிறகு அவரே வரப்பு கேஸ் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா ஒண்ணு. தம்பி குடும்பத்துக்கும் எங்களுக்கும் ஒரு துரும்புகூடக் கொடுக்கல் வாங்கல் கிடையாதுன்னு உங்க அண்ணன் கோர்ட்ல சத்தியம் பண்ணியிருக்காரே. துரும்பு இல்லைன்னவரு சோபா உண்டுன்னு எப்படிச் சொல்லுவாரு?"

அதே சத்தியத்தை என் வீட்டுக்காரரும் செய்திருந்தார். அண்ணன் தம்பி இருவரும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அது.

மூத்தார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். அன்றைக்கு நான் கொல்லைப்புறச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். வெட்கமென்ன இதில். கூடத்துக்குப் போனவர் பழக்கத்தில் சோபா இருந்த இடத்தில் உட்காரப் போய், அங்கே பிளாஸ்டிக் நாற்காலியைக் கண்டு நின்றிருக்கிறார்.

"சோபா எங்க?"

"ஜப்தியாயிடுச்சு" என்றாள் ஓரகத்தி.

"யாரு கடனுக்கு?"

அவள் அவருக்குத் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது.

"எந்த வழியா போச்சு?"

வக்கீல் சொன்ன மனு விஷயத்தை அவள் மெல்ல ஆரம்பித்தாள். பில் அவருடைய பீரோவில் இருந்தது, சாவி அவர் இடுப்பில். "கோர்ட்ல போயி, இவங்ககூட எனக்குப் போக்குவரத்து உண்டுன்னு எழுதிக் கொடுக்கணுமா? அதுக்கு வேற ஆளப் பாரு" என்றார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வெளியே வந்து செங்கல் அடுக்கின் முன்னால் நின்றார். நான் வழியின் ஓரமாக எட்டிப் பார்த்தேன். அவர் பசுவிடம் எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் கொத்தனார் வருவார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நாற்றுப் பறிக்கும் நேரம், ஆள் கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். நானும் ஓரகத்தியும் அந்த வழியில் நின்று பேசிக்கொள்வோம், ஆனால் ரயிலுக்கு நேரமாகிவிட்டவர்கள் பேசுவதுபோல் அரையும் குறையுமாக. ஒருநாள் தன் ஊறுகாய் ஜாடியை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தாள். "வச்சுக்க. அப்புறம் கொடுக்க முடியுதோ என்னவோ" என்றாள்.

ஏல நாள் வந்தது. கோர்ட் வாசலில் புங்க மரத்தடியில் ஏலப் பொருள்கள் கிடந்தன. யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிள், யாரோ ஒருவரின் ஃபிரிட்ஜ், எங்களது என்று சொல்லப்பட்ட சோபா. மூன்று காலில் சாய்ந்து நின்றது, பார்க்கச் சகிக்கவில்லை. ஏலம் எடுக்கப் பழைய சாமான் வியாபாரிகள் இரண்டு மூன்று பேர் வந்திருந்தார்கள். மரத்தின் இந்தப் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் நின்றோம். எதற்கு வந்தோம் என்று எங்களுக்கே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் மரத்தின் அந்தப் பக்கம் மூத்தார். டாக்டர் சொன்ன காலம் முடிந்தும் அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

அமீனா ஏலம் கூறினார். ஒரு வியாபாரி உறையைக் கிள்ளிப் பார்த்து, முறிந்த காலைக் காட்டி, அடிமாட்டு விலைக்குக் கேட்டார். மூத்தார் அதற்கு மேல் கேட்டார். வியாபாரி கொஞ்சம் ஏற்றினார். மூத்தார் மறுபடி ஏற்றினார். வியாபாரி கையை உதறிவிட்டு மோட்டார் சைக்கிள் பக்கம் போய்விட்டார். அமீனா, "ஒருதரம்" என்றார்.

மூத்தார் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் விலைக்கு மேலே தானே ஏற்றிக் கேட்டார்.

அமீனா நிமிர்ந்து பார்த்தார். "ஐயா, உங்களுக்கு மேல யாரும் கேக்கலீங்க."

"தெரியும். எழுதுங்க."

"ரெண்டுதரம்" என்றார் அமீனா, குழப்பத்தோடு. மூத்தார் மறுபடியும் ஏற்றினார். அந்தத் தொகைக்குக் கும்பகோணத்தில் அதே மாதிரிப் புது சோபாவே வாங்கலாம். என் வீட்டுக்காரர் மரத்தைப் பிடித்துக்கொண்டார். ஏலத்தில் வரும் பணம் எங்கள் கடனில் கழியும் என்பது அண்ணனுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். மூன்றாம் தரம் முடிந்தது. இடுப்பிலிருந்து பணத்தை எடுத்து எண்ணிக் கொடுத்தார், ரசீது வாங்கினார், ஒரு குட்டியானையைப் பேசி சோபாவை ஏற்றினார், எங்களைத் தாண்டிப் போனார். கண்ணாடிக்குள் கண் எந்தப் பக்கம் பார்த்தது என்று தெரியவில்லை.

மீதிக் கடனுக்கு வக்கீல் தவணை வாங்கிக் கொடுத்தார், அதை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். அன்று மொபெட்டில் திரும்பும்போது பாதித் தூரத்தில் என் வீட்டுக்காரர், "அண்ணன் எதுக்கு அப்படி ஏத்திக் கேட்டுச்சு?" என்றார். இத்தனை வருஷத்தில் பக்கத்து வீட்டுக்காரன், அந்த ஆளு, எதிராளி என்றெல்லாம் சொன்னவர் வாயில் அன்றுதான் அண்ணன் என்று வந்தது. பாசமா, இல்லை ஒரு மனுவில் கையெழுத்துப் போடுவதைவிடச் சொந்த சோபாவை இரண்டாம் தடவை காசு கொடுத்து வாங்குவது மேல் என்ற பிடிவாதமா என்று எனக்கும் தெரியவில்லை. அந்தக் குடும்பத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். நான் பின்னால் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

நாங்கள் வந்து சேர்வதற்குள் சோபா அவர்கள் கூடத்துக்குப் போய்விட்டது. முறிந்த கால் என்னிடம்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அந்த வழிவரை போய், உள்ளே நுழையத் தைரியமில்லாமல் நின்றேன். அப்போது மூத்தார் கொல்லைக்கு வந்தார். செங்கல் அடுக்கைச் சுற்றிப் பார்த்தார். பூனை விலகி ஓடியது. மேலே இருந்த ஒரு செங்கலை எடுத்து, தோள் துண்டால் பாசியைத் துடைத்து, கையில் வைத்து உயரம் பார்த்துக்கொண்டு உள்ளே போனார். கால் இல்லாத மூலைக்கு அதை முட்டுக் கொடுத்துவிட்டு, துண்டை விரித்து, சோபாவில் ஏறி உட்கார்ந்தார்.

ஓரகத்தி என்னைப் பார்த்துவிட்டாள். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, எனக்குக் கேட்கும்படி சத்தமாகவே கேட்டாள்.

"வழியை அடைக்கக் கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பவா?"

சோபா ஆடுகிறதா என்று அசைத்துப் பார்க்கும் கிறீச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அவர் சொன்னார்.

"வேணாம். ஒரு செங்கல் கொறையுது."